செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தில் தங்கம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

தங்கத்தையே பார்க்க முடியாது. டன்னுக்கு 1 கிராம் தங்கம் இருந்தாலே திறந்தவெளிச் சுரங்கம் கட்டுப்படியாகிற இடங்கள் உண்டு. லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படத்திலோ ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி, என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதில் அந்த ஒரு கிராம் எங்கே தெரியப்போகிறது?

ஆனால் பல தங்கப் படிவுகள் பூமிக்குள் ஓடிய வெந்நீரால் உண்டானவை. அந்த நீர் போகிற வழியில் உள்ள பாறையையும் கெடுத்து, கயோலினைட், அலுனைட் போன்ற கனிமங்களாக மாற்றிவிடும். இவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 2.2 மைக்ரானை ஒட்டி ஒளியை உறிஞ்சுகின்றன. நாங்கள் தேடுவது அதைத்தான். செயற்கைக்கோள் ஒரே இடத்தைப் பல அலைநீளப் பட்டைகளில் தனித்தனியாகப் படமெடுக்கும், ஒவ்வொன்றும் ஒரு பேண்ட். லேண்ட்சாட் 5 படத்தில் 5ஆம் பேண்டின் அளவை 7ஆம் பேண்டின் அளவால் வகுத்தால் இந்த இடங்கள் பளிச்சென்று வரும். டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் என்ற படக் கருவி இன்னும் நுணுக்கமானது. அதன் குற்றலை அகச்சிவப்பு உணரிகள் 2008இல் பழுதாகிவிட்டன. ஆனாலும் பழைய படங்களை இன்றும் பயன்படுத்துகிறோம். பாறை எங்கே ஓடிவிடப் போகிறது!

சரி, பளிச்சென்று வந்தால் தங்கமா? அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தைப் பாருங்கள். கோல்ட்ஃபீல்டில் 1902இல் தங்கம் கிடைத்து ஒரு நகரமே எழுந்தது. அங்கே அலுனைட் உண்டு. கொஞ்சம் தெற்கே க்யூப்ரைட் என்ற இடத்திலும் அதே கனிமங்கள், படத்தில் இன்னும் அழகாகவே தெரியும். புதுக் கருவி எது வந்தாலும் சோதிக்க முதலில் அங்கேதான் போவார்கள். ஆனால் கோல்ட்ஃபீல்டு மாதிரி தங்கம் அங்கே கிடைக்கவில்லை. வெந்நீர் ஓடியதைப் படம் சொல்லும். அதில் தங்கம் இருந்ததா என்று சொல்லாது.

இதெல்லாம் பாறை வெளியே தெரிகிற வறண்ட நாட்டில்தான். காடோ, வயலோ, இரண்டு மீட்டர் மண்ணோ மூடியிருந்தால் இந்த முறை கைவிரித்துவிடும். உங்கள் தோட்டத்துச் சர்வே எண்ணைக் கொடுத்தால் 'இத்தனை அடியில் இத்தனை கிலோ' என்று சொல்லிக் காசு கேட்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். எந்தச் செயற்கைக்கோள் படமும் அப்படி ஆழம் சொல்லாது.

கற்றுக்கொள்ள ஆசையென்றால் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் லேண்ட்சாட் படங்கள் இலவசம், அவற்றைத் திறந்து கணக்கிட உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். கோல்ட்ஃபீல்டு படத்தையே இறக்கி வகுத்துப் பாருங்கள். அப்புறம் சொந்த இடமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், கல்லை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவையும் முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.