புதுக்கிழங்குக்கும் ஒரு மாதம் உண்டு

அன்புள்ள தங்கைக்கு,

டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகருக்கு வந்து மூன்று மாதங்களாகின்றன என்றும், எந்தப் பேரங்காடிக்குப் போனாலும் ஒரே வெண்ணெய், ஒரே பன்றியிறைச்சி, ஒரே புளித்த கறுப்புப் பாண்தான் கிடைக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். ஊருக்கு ஊர் மாறும் சுவை இந்நாட்டில் உண்டா, உண்டென்றால் எங்கே போய்த் தேடுவது என்பது உங்கள் கேள்வி. நானும் மனைவியும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஹேர்னிங்கில் வாழ்கிறோம். முதல் பத்து ஆண்டுகள் இதே கேள்வியைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சுவை உண்டு. ஆனால் அது விளையும் இடத்தில், விளையும் மாதத்தில்தான் உண்டு. ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். உருளைக்கிழங்குக்குப் பேர்போன சாம்சோ தீவுக்கு நாங்கள் முதன்முறை போனது ஒக்டோபரில். புதுக்கிழங்கு தேடிப் போனவர்கள் பூசணிக்காயுடன் திரும்பினோம். அடுத்த ஆண்டு ஜூன் தொடக்கத்தில், உங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள ஹோ துறைமுகத்திலிருந்து ஒரு மணிநேரக் கப்பற்பயணத்தில் மறுபடி போனபோதுதான் அந்தத் தீவு எங்களுக்குப் புரிந்தது. பண்ணை வீடுகளின் வாசலில், வீதியோரமாகச் சிறு மரத்தட்டுகளில் கிழங்கு, அஸ்பரகஸ், ஸ்ட்ரோபெரி ஆகியவற்றை அடுக்கி விலையை எழுதி வைத்திருப்பார்கள். விற்பவர் எவரும் அங்கே நிற்பதில்லை. பெட்டியில் காசைப் போட்டுவிட்டோ, எழுதியிருக்கும் எண்ணுக்கு மொபைல்பே என்ற கைப்பேசிச் செயலி வழியாகப் பணம் அனுப்பிவிட்டோ பொருளை எடுத்துக்கொள்ளலாம். புதுக்கிழங்கின் தோல் விரலால் தேய்த்தாலே உரிந்து வரும். அவித்து, வெண்ணெயும் கல்லுப்பும் மட்டும் சேர்த்துச் சாப்பிடுங்கள். மிளகாய்த்தூளை அன்று ஒருநாள் மறந்துவிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மறுநாள் பிரட்டல் கறி வைத்தால் நான் தடுக்கமாட்டேன்.

உங்கள் கணவர் சைவ உணவுக்காரர் என்பதால் ஃபூன் தீவையும் சொல்ல வேண்டும். அங்கே புதுப்பாற்கட்டியை ஓட்ஸ் வைக்கோலும் காஞ்சோன்றிச் செடியும் எரித்த புகையில் சிறிது நேரம் காட்டி எடுப்பார்கள். மேலே, சீரகத்துக்கு உறவான கரவே விதையைத் தூவியிருப்பார்கள். நீங்கள் குறைப்பட்டுக்கொண்ட அந்தக் கறுப்புப் பாணின் மீது இதைப் பூசி, சிவப்பு முள்ளங்கியைச் சீவிப் போட்டால், அந்தப் பாண் ஏன் புளிக்க வேண்டும் என்பது விளங்கும். வெண்ணெயும் மண்ணிறச் சர்க்கரையும் உருகி ஊறிய புரூன்ஸ்வியர் பணிஸும் அத்தீவினுடையதே.

போர்ன்ஹோல்ம் தீவுக்குச் சுவீடன் வழியாக, ஈஸ்டாட் துறையிலிருந்து கப்பலேறிப் போவதுதான் வழக்கம். எல்லை கடப்பதால் கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் கையோடு வைத்திருங்கள். அங்குள்ள புகைமீன் கூடங்களின் வெள்ளைப் புகைபோக்கிகள் தொலைவிலேயே தெரியும். ஆல்டர் மரப்புகையில் பொன்னிறமாகும் ஹெரிங் மீனைப் பாணில் வைத்து, நடுவே பச்சை முட்டை மஞ்சட்கருவை இட்டு, அத்தீவின் குட்யெம் ஊரின் பெயரால் ‘குட்யெம்மின் மேலே சூரியன்’ என்று சொல்லிப் பரிமாறுவார்கள். பல கூடங்கள் குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதால் கோடையில் போவதே நல்லது.

ஜேர்மன் எல்லையோரத்துத் தென் யூட்லாந்துக்கு மட்டும் பருவம் பார்க்க வேண்டியதில்லை. அங்கே பார்க்க வேண்டியது வரலாறு. 1864ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க் தோற்ற பின், 1920இல் வாக்கெடுப்பு மூலம் மீளும்வரை அப்பகுதி ஜேர்மன் ஆட்சியின் கீழ் இருந்தது. டேனிஷ் பேசுவோர் தங்கள் மன்றங்களில் கூடிப் பாடவும் பேசவும் விரும்பினர். ஆனால் அம்மன்றங்களில் மது பரிமாற அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே கோப்பியும், வீட்டுக்கு வீடு பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த பலகாரங்களுமாக மன்றத்து மேசை நிறைந்தது என்று சொல்வார்கள். மென்மையானவை ஏழு, மொறுமொறுப்பானவை ஏழு என்பது இன்றும் சொல்லப்படும் கணக்கு. கறுப்புப் பாணைத் துருவிச் செய்து, பாலாடையும் கறுப்புத் திராட்சையை ஒத்த சோல்பெயர் பழப்பாகும் வைத்து அடுக்கும் கேக்கைத் தவறவிடாதீர்கள். மொழியைக் காப்பதற்காகப் பலகாரத்தோடு கூடியிருந்தவர்களின் கதையை நம்மவர்களுக்கு நான் விரித்துரைக்கத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வடையும் ரோல்ஸும் சுமந்து போனவர்கள் நாங்கள்.

லெசோ தீவில் பழைய முறைப்படி உப்புக் காய்ச்சுவதைப் பார்க்கலாம். விறகுக்காகத் தீவின் காடுகளை அழித்துத் தீர்த்ததால் 1652இல் தடைசெய்யப்பட்ட தொழில், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடங்கப்பட்டது. மேற்குக் கரையில், நீர் வற்றும்போது தரை தெரியும் வாடன் கடலில், பெருகிப்போன பசிபிக் சிப்பிகளை உங்கள் தேவைக்கு இலவசமாகவே பொறுக்கிக்கொள்ளலாம். வழிகாட்டி இல்லாமல் போய்விடாதீர்கள். அங்கே கடல்நீர் திரும்பி ஏறும் வேகம் பொல்லாதது.

அதே கரையில், எஸ்பியர் நகரத்திலும் ஃபானோ தீவிலும், ‘பாக்ஸ்குல்’ என்ற ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தட்டைமீனை உப்பிட்டு, உலர்த்தி, புகையூட்டி, வெண்ணெயில் பொரித்துத் தருவார்கள். முதல் துண்டை வாயில் வைத்ததும் என் மனைவி, “இது கருவாடல்லவா!” என்று கூவிவிட்டார். நாங்கள் கருவாடு பொரித்த நாட்களில் யன்னலைச் சாத்திக்கொண்ட அயல்வீட்டு முதியவர் ஃபானோவில் பிறந்தவர் என்பது பின்னர்தான் தெரிய வந்தது. இப்போது பாக்ஸ்குல் வாங்கி வந்தால் அவருக்கும் இரண்டு கொடுத்துவிடுகிறோம்.