டேப் ஒட்டிக் கோடு போட்டால் அடிப் பூச்சு உரிவது ஏன்?

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போகும் முன் வீட்டிலேயே நகத்தில் கோடு டிசைன் போட வேண்டும், ஆனால் டேப்பை எடுத்தால் அடி நிறமும் கூடவே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரம்தான் காரணம். தொட்டால் கையில் ஒட்டவில்லை என்பதால் பாலிஷ் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அதிலுள்ள எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் என்ற கரைப்பான்கள் முழுக்க ஆவியானால்தான் பூச்சு இறுகும். மேல்பரப்பு முதலில் காய்ந்துவிடும். அடி இளக்கமாகவே இருக்கும். வேலூர் வெயிலில் குமிழும் வரும். அதனால் நான் சாயங்காலம்தான் பூசுவேன். இரண்டு மெல்லிய பூச்சு. தடிமனாக ஒன்று வேண்டவே வேண்டாம். பிறகு ஒரு மணி நேரமாவது விடுங்கள். முடிந்தால் முதல் நாள் இரவே அடி நிறத்தை முடித்துவிடுங்கள், அதுதான் எனக்குத் தவறாமல் கைகொடுத்தது.

டேப்பை மெல்லிய நாடாவாக வெட்டி, முதலில் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுங்கள். பசை குறையும். நகத்தில் ஒட்டி ஓரங்களை அழுத்தி, அடுத்த நிறத்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே டேப்பைத் தாழ்வாகச் சாய்த்து இழுங்கள். காயவிட்டால் கோட்டின் ஓரம் பிய்ந்துவிடும்.

முருகன் கோயிலுக்கு என்பதால் மஞ்சள் அடியில் சிவப்புக் கோடு எடுப்பாக இருக்கும். கோட்டுக்குப் பக்கத்தில் பல்குச்சி முனையால் கோலப் புள்ளி மாதிரி மூன்று வையுங்கள். எல்லா விரலுக்கும் வேண்டாம், மோதிர விரலுக்கு மட்டும் போதும். கடைசியில் நிறமில்லாத பாலிஷை நக நுனியையும் சேர்த்துப் பூசிவிடுங்கள்.