கள்ளக் கையெழுத்தும் கலங்கரை விளக்கமும்

கேள்வி: போலி ஆவணம் தயாரித்துத் தீவாந்தர தண்டனை பெற்ற ஒருவரின் படத்தை ஆஸ்திரேலியா தன் பத்து டாலர் நோட்டிலேயே அச்சிட்டிருந்ததாமே! திறமை இருந்துவிட்டால் மோசடியும் மன்னிக்கப்பட்டுவிடுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: படம் அச்சிட்டது உண்மை. 1966-இல் வெளிவந்த பத்து டாலர் காகித நோட்டில் இருந்தவர் பிரான்சிஸ் கிரீன்வே என்ற கட்டடக் கலைஞர். 1993-இல் பிளாஸ்டிக் நோட்டு வந்தபோது அந்தப் படம் நீங்கியது. ஆனால் தங்கள் இரண்டாவது கேள்வி, அவர் எப்படி வாழ்ந்து எப்படி இறந்தார் என்பதைப் பாராமல் எழுந்திருக்கிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தொழில் செய்துவந்த கிரீன்வே 1809-இல் திவாலானார். கட்டட ஒப்பந்தம் தொடர்பான ஓர் ஆவணத்தைப் போலியாகத் தயாரித்த குற்றத்தை 1812-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குக் கிடைத்த தீர்ப்பு தூக்கு. பின்னர் அது பதினான்கு ஆண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து 1797-இல் நோட்டுக்கு ஈடாகத் தங்கம் தருவதை நிறுத்தி, எவரும் எளிதில் நகலெடுக்கக்கூடிய சிறு நோட்டுகளைப் புழக்கத்தில் விட்டுவிட்டு, நகலெடுத்தவர்களையும் அவற்றைக் கைமாற்றியவர்களையும் தூக்குமேடைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மோசடி குற்றம்தான், அதற்கு உயிரையே விலையாகக் கேட்ட சட்டத்தையும் நாம் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அவரை ஏற்றிச் சென்ற 'ஜெனரல் ஹியூவிட்' கப்பல் 1814 பிப்ரவரியில் சிட்னியை அடைந்தது. புறப்பட்ட 300 கைதிகளில் 34 பேர் வழியிலேயே நோயால் இறந்திருந்தனர். இச்சாவுகளைப் பற்றி, சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிட்டிஷ் குடியேற்றத்தின் ஆளுநர் மக்வாரிக்கு அறிக்கை எழுதிய மருத்துவர் வில்லியம் ரெட்பெர்னும் ஒருகாலத்தில் கைதியாக வந்து சேர்ந்தவரே என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. தண்டனை பெற்றவர்களை ஒதுக்கிவிட்டு அந்தக் குடியேற்றத்தை நடத்தியிருக்கவே முடியாது.

மக்வாரி 1816-இல் கிரீன்வேயை நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் ஊதியத்தில் அரசுக் கட்டடக் கலைஞராக அமர்த்தினார். துறைமுக முகப்பில் எழுப்பிய கலங்கரை விளக்கத்துக்காக 1817 டிசம்பரில் நிபந்தனையுடன் கூடிய விடுதலையும், 1819-இல் முழு மன்னிப்பும் கிடைத்தன. அவர் வடிவமைத்த வின்ட்சர் ஊரின் புனித மத்தேயு தேவாலயமும், சிட்னியில் 600 கைதிகள் தூங்குவதற்காகக் கட்டப்பட்ட ஹைடு பார்க் விடுதியும் இன்றும் நிற்கின்றன. பின்னது 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கலங்கரை விளக்கத்துக்குக் கிடைத்த மணற்கல் மட்டமானது, நீடிக்காது என்று அவர் எச்சரித்தார். அப்படியே கல் உதிர்ந்து, 1883-இல் பக்கத்தில் வேறொன்று கட்ட நேர்ந்தது.

இவ்வளவு செய்தவரை அந்தச் சமூகம் தாங்கியதா? லண்டனிலிருந்து விசாரணைக்கு வந்த ஆணையர் பிக், கைதிகளின் குடியேற்றத்துக்கு இத்தனை அழகு வீண்செலவு என்று கருதினார். கிரீன்வே நீதிமன்றமாகத் திட்டமிட்ட கட்டடம் பிக்கின் தலையீட்டால் புனித ஜேம்ஸ் தேவாலயமாக மாறியது. மக்வாரி பதவி விலகியபின், 1822-இல் கிரீன்வே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர்மேலும் குறை உண்டு: கர்வமும் சண்டைக் குணமும் உடையவர், கட்டணம் கேட்பதில் அளவறியாதவர். அதற்காக, ஒரு நகரத்துக்கே முகம் கொடுத்தவர் வறுமையில் வாடி 1837-இல் இறந்து, ஈஸ்ட் மெய்ட்லண்டில் அடையாளக் கல் கூட இல்லாமல் புதைக்கப்பட்டதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நோட்டில் படம் வந்தது அவர் மறைந்து 129 ஆண்டுகள் கழித்து.

தாங்கள் அஞ்சும் வகை மனிதரும் அதே கப்பலில் வந்தார். ஓவியர் ஜோசப் லைசெட், கள்ள நோட்டுக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டு, சிட்னியில் இறங்கிய மறு ஆண்டே போலி ஐந்து ஷில்லிங் பணச்சீட்டுகளைச் செப்புத்தகட்டில் அச்சடித்துப் பிடிபட்டு, நியூகாசில் தண்டனை முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அதிகாரி வாலிஸ் அவருடைய தூரிகைக்கு வேலை கொடுத்தார். 1821-இல் முழு மன்னிப்பும் பெற்று, மறு ஆண்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார். திறமைக்காக மோசடியை மன்னித்தார்களா என்ற கேள்வியை லைசெட்டை வைத்துக் கேட்டால் பொருந்தும். கிரீன்வேயை வைத்துக் கேட்பது பொருந்தாது.