சார்லட் மேசன் முறையில் வீட்டுக்கல்வி: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'திருப்பிச் சொல்லுதல்' பற்றித்தான், அதாவது வாசித்துக் காட்டியதைப் பிள்ளை தன் வார்த்தைகளில் சொல்வது. அதனால் அதற்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

கேள்வி: நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து முறை இன்றைக்கு எப்படிச் சரிவரும்? அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கானது இல்லையா?

பதில்: சார்லட் மேசன் இங்கிலாந்துக் கல்வியாளர், 1842 முதல் 1923 வரை வாழ்ந்தவர். அவருடைய 'ஹோம் எஜுகேஷன்' என்ற புத்தகம் 1886இல் வந்தது. வேலையாட்களும் வீட்டு ஆசிரியையும் வைத்துக்கொள்ள முடிந்த குடும்பங்கள்தான் முதலில் அவரைப் பின்பற்றின என்பது உண்மை. ஆனால் 1914இல் யார்க்‌ஷயரின் டிரிக்லிங்டன் என்ற ஊரில், சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்த சாதாரணப் பள்ளியிலும் இதே முறை நடந்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வானிலை ஓரளவு நன்றாக இருக்கும் நாட்களில் நாலிலிருந்து ஆறு மணி நேரம் பிள்ளைகள் வெளியில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பல வீடுகளில் அது நடக்காது; முடிந்த அளவு செய்யுங்கள். நல்ல புத்தகம், குறுகிய பாடம், திருப்பிச் சொல்லுதல் இந்த மூன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் பெயர்தான் மிஞ்சும்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு ஏழு வயது. ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டிவிட்டு "சொல்லு" என்றால் "தெரியாது" என்கிறான். ஆனால் நாலு கேள்வி கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறான். கேள்வியே கேட்டுக்கொண்டு போகலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் கேள்வி கேட்கும்போது எது முக்கியம், எது முதலில் வந்தது என்று பிரித்தெடுக்கும் வேலையை நீங்களே முடித்துவிடுகிறீர்கள். கோடிட்ட இடத்தை நிரப்புவது மட்டும்தான் அவனுக்கு மிச்சம். இந்த முறையில் அந்தப் பிரித்தெடுக்கும் வேலைதான் படிப்பே.

ஏழு வயதுக்கு ஒரு அத்தியாயம் அதிகம். ஒரு பத்தியில் தொடங்குங்கள், அல்லது குட்டி நீதிக்கதை ஒன்று எடுங்கள். எறும்பும் புறாவும் கதையை வாசித்தால், அவன் இப்படிச் சொல்லக்கூடும்: "எறும்பு தண்ணியில விழுந்துடுச்சு. புறா இலை போட்டுச்சு. அப்புறம் எறும்பு வேடனைக் கடிச்சுடுச்சு." ஆற்றைக் காணோம், வேடன் ஏன் வந்தான் என்பதைக் காணோம், நீதியும் இல்லை. "ஏன்டா கடிச்சுது?" என்று கேட்க உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். கேட்காதீர்கள். மூன்று நிகழ்ச்சிகளையும் வரிசை மாறாமல் சொல்லியிருக்கிறான். தொடக்கத்துக்கு அது தாராளம். சொல்லி முடித்த பிறகு வேண்டுமானால் அதைப் பற்றிப் பேசலாம். நடுவில் திருத்துவது மட்டும் கூடவே கூடாது.

இன்னொன்று, ஒரே தடவைதான் வாசிக்க வேண்டும். மேசன் இதில் கறார். இரண்டாவது தடவை உண்டு என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் முதல் தடவை காதைக் கொடுக்காது. பெரியவர்களே அப்படித்தானே! அதற்குப் பதிலாக, வாசிப்பதற்கு முன்னால் போன பாடம் எங்கே நின்றது என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வாயில் நுழையாத பெயர்களைப் பலகையில் எழுதிவையுங்கள். அப்புறமும் "தெரியாது" என்றால் சண்டை வேண்டாம். மறுநாள் இன்னும் சின்னத் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். படமாக வரைந்து காட்டினாலும், பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டினாலும் சரிதான். எழுதச் சொல்வதெல்லாம் பத்து வயதுவாக்கில்.

கேள்வி: நாலு வயது மகளுக்குத் திருப்பிச் சொல்லுதலை எப்போது ஆரம்பிப்பது?

பதில்: ஆறு வயதுக்கு. அதுவரை ஓடட்டும், கதை கேட்கட்டும். தானாக எதையாவது சொன்னால் கேளுங்கள், சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள்.

கேள்வி: காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை பாடம் முடியவே மாட்டேன் என்கிறது. இரண்டு பேருமே களைத்துப்போகிறோம்.

பதில்: கடிகாரம் வைத்து நிறுத்துங்கள். சின்ன வகுப்புக்கு ஒரு பாடம் அதிகபட்சம் இருபது நிமிடம். பாதியில் நின்றாலும் பரவாயில்லை, நேரம் முடிந்தால் முடிந்ததுதான். கணக்குக்கு அடுத்து வாசிப்பு, அதற்கு அடுத்து பாட்டு அல்லது படம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். மேசனின் கால அட்டவணையில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு மொத்தப் பாடமே காலையில் இரண்டரை மணி நேரம்தான். மதியம் அவர்களுடையது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் பயிற்சித்தாள்களும் கூடவே ஓடுகின்றன என்று நினைக்கிறேன். கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழக்கம் பழக்கம் என்று மேசன் நிறையச் சொல்கிறாரே, தினமும் கத்தாமல் அதை எப்படிக் கொண்டுவருவது? சொன்னதையே நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில்: அவர் தரும் உதாரணமே கதவைச் சாத்த மறக்கும் ஒரு பையன்தான். அம்மா அவனிடம் ஒரே ஒருமுறை விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறார். மறந்தால் ஞாபகப்படுத்துவதாக வாக்கும் கொடுக்கிறார். பையன் மறந்துவிட்டு ஓடுகிறான். அம்மா "கதவைச் சாத்து" என்று கத்துவதில்லை. கதவருகே போய் அவன் பெயரை இனிமையாகக் கூப்பிடுகிறார்; அவன் வந்ததும் கதவைப் பார்த்து, "ஞாபகப்படுத்துகிறேன் என்றேனே" என்கிறார், அவ்வளவுதான். அவனுக்கே ஞாபகம் வந்துவிடுகிறது.

சுவையான பகுதி அதற்கு அப்புறம். பழக்கம் கிட்டத்தட்ட ஊறிவிட்ட நேரத்தில், "பாவம், இத்தனை நாள் சாத்தினானே, இன்று ஒருநாள் போகட்டும்" என்று அம்மா விட்டுவிடுவாராம். அன்றோடு போச்சு. தவறு பிள்ளையிடம் இல்லை, இரக்கப்பட்ட அம்மாவிடம்தான் என்கிறார் மேசன். அதனால் ஒரு நேரத்தில் ஒரே பழக்கம். பத்தையும் ஒரே மாதத்தில் பிடித்தால் கத்தத்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி: இயற்கைக் குறிப்பேட்டில் மகள் நத்தையை உருளைக்கிழங்கு மாதிரி வரைகிறாள். சரியாக வரையச் சொல்லித் தரலாமா?

பதில்: அந்த நோட்டு அவளுடையது, அதில் கை வைக்காதீர்கள். உங்களுக்கென்று தனி நோட்டு வாங்கி அதே நத்தையைப் பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். அதற்குக் கொம்பு எத்தனை, கண் எங்கே இருக்கிறது என்று நீங்கள் குனிந்து பார்ப்பதைப் பார்த்தால் அவளும் பார்ப்பாள். நீளமான கொம்புகளின் நுனியில்தான் கண் இருக்கிறது; அதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: தேர்வு இல்லாமல் படிக்கிறாளா இல்லையா என்று எப்படித் தெரியும்?

பதில்: மேசனிடமும் தேர்வு உண்டு. வீட்டில் படித்தவர்களுக்குப் பருவ முடிவில் கேள்விகள் தபாலில் போகும். "இதைப் பற்றி உனக்குத் தெரிந்ததைச் சொல்" என்ற தினுசில் கேட்பார்கள். முன்கூட்டியே உருப்போடுவது கிடையாது. சின்னப் பிள்ளைகள் வாயால் சொல்லப் பெரியவர்கள் எழுதிக்கொள்வார்கள். நீங்களும் பருவத்துக்கு ஒருமுறை அப்படி எழுதித் தேதி போட்டு வையுங்கள். பின்னால் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தால் அந்தத் தாள்கள் கையில் இருப்பது நல்லது. வீட்டுக்கல்விச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஜெர்மனி போன்ற இடங்களில் அனுமதியே இல்லை. ஆரம்பிக்கும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.