கறுப்புக் குஞ்சைக் கழிக்காதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். நீல அண்டலூசியன் சேவல் ஒன்றும் பெட்டைகள் நான்கும் வாங்கினேன், ஐந்துமே நீலம். ஆனால் பொரித்த 14 குஞ்சுகளில் 6 மட்டுமே நீலம். 5 கறுப்பு, 3 அழுக்கு வெள்ளையில் கருந்திட்டு. கலப்பினத்தைத் தலையில் கட்டிவிட்டார்களா? நீலமல்லாதவற்றைக் கழித்துவிடலாமா?

பதில்: இந்த நிறங்களை வைத்துக் கலப்பினம் என்று சொல்லவே முடியாது. நீலத்தோடு நீலம் சேர்ந்தால் இப்படித்தான் பொரியும்.

அண்டலூசியனின் நீலம் என்பது நீர்த்துப்போன கறுப்பு. கறுப்பை நீர்க்கச் செய்யும் மரபணு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குஞ்சு நீலம். இருவரிடமிருந்தும் வந்தால் உடல் வெளுத்து, கறுப்பு ஆங்காங்கே திட்டாக நிற்கும். இதை ஸ்பிளாஷ் என்கிறார்கள். ஒருவரிடமிருந்தும் வராவிட்டால் முழுக் கறுப்பு. ஆக, நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு நீலம், ஒன்று ஸ்பிளாஷ். இது சராசரிதான். 8 குஞ்சுகள் பொரித்து அதில் ஒரு ஸ்பிளாஷ்கூட இல்லாமல் போகப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் கணக்கில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஸ்பெயினின் அண்டலூசியா பெயரைத் தாங்கிய இந்த இனத்தை 19-ஆம் நூற்றாண்டில் நீலத்துக்காகவே தேர்ந்து வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். நீலமே சுத்தம், மற்றவை கழிசல் என்று ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். கறுப்பு பிறப்பதும் நிற்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியலாளர்கள் பேட்சனும் புன்னெட்டும் இதற்கு விளக்கம் தந்தார்கள். அந்தக் கழிசல்கள் இரண்டை, ஒரு கறுப்பையும் ஒரு ஸ்பிளாஷையும், இணைத்தால் பிறக்கும் குஞ்சுகள் அத்தனையும் நீலம்! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது.

எனவே நீலம் எப்போது வேண்டுமானாலும் ஒரே பொரிப்பில் கிடைத்துவிடும். அரிய இனத்தில் இரத்த வழி ஒன்று அற்றுப்போனால் அது திரும்பாது. ஒரு சேவலும் பத்துப் பெட்டைகளும் வைத்திருந்தால் கண்ணுக்கு 11 கோழிகள். உள்ளினப்பெருக்கக் கணக்கில், அதாவது உறவுக்குள்ளேயே இணைசேரும் அபாயத்தை அளக்கும் கணக்கில், அவை 4 கோழிகளுக்கும் குறைவானதற்குச் சமம். அதே 11-ஐ மூன்று சேவல், எட்டுப் பெட்டை என்று மாற்றினால் கிட்டத்தட்ட 9 ஆகிறது. உங்கள் கறுப்புக் குஞ்சுகளில் கட்டான உடல்வாகுள்ள சேவல் இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சேவலை உறவில்லாத கூட்டத்திலிருந்து வாங்குங்கள்.

கழிக்கத்தான் வேண்டுமென்றால் உடலைப் பார்த்துக் கழியுங்கள். காதுமடல் வெள்ளையாக இருக்க வேண்டும். அது முழுச் சிவப்பாக வளர்ந்தால் கலப்பைச் சந்தேகிக்கலாம். நல்ல நீலத்தில் ஒவ்வோர் இறகுக்கும் சேலைக்குக் கரை போட்டதுபோல் கருங்கரை தெரியும். கறுப்பிலும் ஸ்பிளாஷிலும் அந்தக் கரை கண்ணுக்குப் புலப்படாது. அவற்றைத் தேர்வதானால், கூடப்பிறந்த நீலங்களின் கரையைப் பார்த்துத் தேருங்கள்.

லாவெண்டர் நிறக் கோழியை நீலம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அது கரையே இல்லாத ஒரே சீரான வெளிர்சாம்பல், வேறொரு மரபணு. உங்கள் நீலச் சேவலோடு விட்டால் பாதிக் குஞ்சுகள் கறுப்பாகும்.

சேவலை மாற்றினால் அடுத்த 3 வாரம் இடும் முட்டைகளை அடைவைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கும்.