குளிர்கால ஜாக்கெட்டும் கம்பித் தட்டும்

கேள்வி: எங்கள் படுக்கையறை குளோசெட்டில் (சுவரோடு அமைந்த துணி அலமாரியில்) நானே பூட்டிய வெள்ளைக் கம்பித் தட்டு, குளிர்கால ஜாக்கெட்டுகளைத் தொங்கவிட்ட மறுவாரமே கிளிப்புகளோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. பின்சுவரில் வரிசையாக ஓட்டைகள். விரலை வைத்தால் வெண்பொடி உதிர்கிறது. அதே ஓட்டைகளில் பெரிய ஸ்க்ரூ போட்டு மீண்டும் பூட்டலாமா?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: வேண்டாம். கனடாவில் வீட்டின் உட்சுவர் என்பது பெரும்பாலும் மரச்சட்டங்களின் மேல் பொருத்திய அரை அங்குல டிரைவால், அதாவது இருபுறமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகைதான். ஊரில் செங்கல் சுவரில் ஆணி அடித்துப் பழகிய கைக்கு இதன் சுபாவம் பிடிபடச் சற்று நாளாகும். காகிதம் கிழிந்து உள்ளிருக்கும் ஜிப்சம் நொறுங்கிய இடத்தில் எவ்வளவு தடித்த ஸ்க்ரூவும் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர இறுகாது. அந்த ஓட்டைகளைப் பூசி அடைத்துவிட்டு, கிளிப்புகளைப் பூட்டும் கோட்டை இரண்டு அங்குலம் மேலேயோ கீழேயோ மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் சாய்தாங்கிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன். ஹேங்கர்கள் தட்டின் முன்விளிம்பில் தொங்குவதால், தாங்கி இல்லாத தட்டு நெம்புகோல்போலத் திரும்பிப் பின்சுவர்க் கிளிப்புகளை வெளியே இழுக்கிறது. முன்விளிம்பிலிருந்து சாய்வாக இறங்கும் தாங்கியே அந்தப் பாரத்தைச் சுவருக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். 3 அடிக்கு ஒன்றுக்குக் குறையாமல் அவை இருக்கட்டும். அவற்றின் கால் மரச்சட்டத்தில் இறங்கட்டும். சட்டங்கள் வழக்கமாக 16 அங்குல இடைவெளியில் இருப்பதால், ஒன்றுவிட்டு ஒன்றில் பூட்டினால் 32 அங்குலம் கிடைத்துவிடும். சட்டத்தைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை: சிறிய, வலுவான காந்தம் ஒன்றைச் சுவரில் மெல்ல நகர்த்துங்கள், டிரைவாலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் மேல் அது சட்டென ஒட்டும், அதன் நேர் மேலும் கீழும் சட்டம் ஓடும். அங்கே பிளாஸ்டிக் ஆங்கர், அதாவது ஸ்க்ரூ இறுகுவதற்காகச் சுவர் ஓட்டையில் செருகும் உறை, தேவையில்லை. ஸ்க்ரூ நேரே மரத்தில் இறங்கலாம். சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்தால் மட்டும் நீளமான ஸ்க்ரூவைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர்க் குழாய் ஓடக்கூடும்.

பின்சுவர்க் கிளிப்புகளை ரசமட்டம் வைத்துப் போட்ட கோட்டில் அடிக்கு ஒன்றாகப் பூட்டினால் போதும். தட்டை இரு சுவர்களுக்கும் இடையிலான அளவைவிட அரை அங்குலம் குறைத்து வெட்டுங்கள். அளவை அந்த உயரத்திலேயே எடுக்க வேண்டும், ஏனெனில் குளோசெட் சுவர்கள் தரையிலும் மேலேயும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். வெட்டிய முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போட மறந்துவிடாதீர்கள். கூரான கம்பி முனையில் ஸ்வெட்டரின் நூல் ஒருமுறை மாட்டினால் பின்னல் வரிசையோடு பிரிந்து வந்துவிடும்.