கனவுக்கு நினைவைத் தவிர வேறு எதுகை கிடைக்காதா?

பாட்டெழுதப் பழகுவதாகவும், ‘கனவு’ என்று ஓர் அடியைத் தொடங்கினால் ‘நினைவு’ என்பதைத் தவிர வேறு சொல் அகப்படுவதில்லை என்றும், ஒத்து ஒலிக்கும் சொற்களைத் தேட ஏதேனும் வழியோ அகராதியோ உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வழியும் உண்டு, அகராதியும் உண்டு. ஆனால் அதற்கு முன், சொல்லின் எந்த இடத்தைப் பார்த்துத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலெழுத்து ஒத்து வருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வருவது எதுகை, அடிகளின் இறுதி ஒத்து வருவது இயைபு என்று மூன்றையும் தொல்காப்பியமே வகுத்துச் சொல்கிறது. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இயைபை மட்டுமே தேடுகிறார்கள். தமிழில் இயைபு எளிதில் வந்துவிடும். வினைச்சொல்லின் விகுதியும் வேற்றுமை உருபும் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்வதால் வந்தேன், நின்றேன், பார்த்தேன் என்றோ, வானில், காட்டில், வீட்டில் என்றோ எத்தனை அடி வேண்டுமானாலும் அடுக்கிக்கொண்டே போகலாம். இலக்கணம் கொடுத்த அந்த ஒற்றுமையில் எழுதுகிறவரின் உழைப்பு எதுவும் இல்லை என்பதால்தான், நம் யாப்பு எதுகையை இவ்வளவு உயர்வாக வைத்தது என்று நான் நினைக்கிறேன். சொல்லின் வேர் கிடக்கும் இடத்தில் ஓசை ஒன்றும்போது அங்கே பொருளும் சேர்ந்து அசைகிறது.

எதுகையைத் தேட எனக்குத் தெரிந்த மிக நல்ல கருவி எழுத்து வரிசைதான். இரண்டாம் எழுத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு, முதலெழுத்தை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே வர வேண்டும். முதலெழுத்தின் மாத்திரையும் ஒத்திருக்க வேண்டும் என்பது விதியாகையால் ‘கனவு’ என்ற சொல்லுக்குக் குறில்களைப் பார்த்தால் போதும். ‘வானம்’, ‘மீன்’, ‘தேனீ’ எல்லாம் விலகிவிடும். அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து குறில்களையும், அவை க, ச, த, ந, ப, ம, வ என்ற ஏழு மெய்களின் மேல் ஏறிய வடிவங்களையும் சேர்த்தால் 40 வரும். அவற்றுள் வு, வொ இரண்டும் தமிழில் சொல்லுக்கு முதலாக வருவதில்லை என்பதால் மிஞ்சுவது 38. ஒவ்வொன்றோடும் னகரத்தைச் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அனல், இனி, இனிமை, கனல், கனி, குனி, சினம், சுனை, தனிமை, தினம், தினை, நனவு, நனை, நினைவு, நுனி, பனி, பனை, புனல், புனைவு, மனம், முனை, வனம், வினை, வினவு. பத்து நிமிடத்தில் இத்தனை சொல் தாளில் நிற்கும். இவற்றுள் நனவு, வினவு இரண்டும் முதலெழுத்தைத் தவிர மற்ற எழுத்துகள் எல்லாம் கனவோடு ஒன்றுபவை. இரண்டாம் எழுத்தோடு மூன்றாவதும் இப்படி ஒத்துவிட்டால் காதுக்குக் கிடைக்கும் நிறைவு வேறு.

அகராதியைப் பற்றிக் கேட்டீர்கள். இன்றைய எழுத்தாளர்களுக்கே உரிய தேவை இது என்று எண்ண வேண்டாம். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது. அதில் சொற்கள் ககர எதுகை முதலாக இரண்டாம் எழுத்தின் வரிசையிலேயே அமைந்துள்ளன. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியிலும் பெயர், பொருள், தொகை என்ற மூன்று பகுதிகளுக்கு அடுத்ததாகத் தொடையகராதி என்று ஒரு பகுதி உண்டு. எதுகைத் தொடைக்குச் சொல் தேடுகிறவர்களுக்காகவே அமைந்த பகுதி அது. பழைய நூல்தானே என்று ஒதுக்காமல் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வழக்கிழந்த சொற்கள் நிறைய இருந்தாலும், நாம் மறந்துவிட்ட நல்ல சொல் ஒன்றாவது கையில் தட்டுப்படும்.

கணினியில் நீங்களே ஒரு பட்டியல் செய்துகொள்வதும் கடினமில்லை. சொற்களை விரிதாளில் இட்டு இரண்டாம் எழுத்தின்படி வரிசைப்படுத்தலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒருங்குறியில் ‘நி’ என்பது நகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகப் பதிவதால், ‘நிலவு’ என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தைக் கேட்டால் எக்செல் லகரத்தைத் தராது, அந்தக் கொக்கியைத்தான் தரும். குறிகளை அவற்றின் மெய்யோடு சேர்த்து ஓர் எழுத்தாக எண்ணும்படி முதலில் செய்துகொள்ள வேண்டும்.

எனக்கு இந்தத் தேடலின் அருமை புரிந்தது, நண்பர் ஒருவர் கொடுத்த மெட்டுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான். காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு அது. முதலில் எழுதியதில் ஒவ்வோர் அடியும் ‘-தேன்’ என்று முடிந்தது. பாடிப் பார்த்தால் ஓசை சரியாகவே இருந்தது, ஆனால் அந்தப் பெண் எங்கேயும் தென்படவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, ‘நிலவு’ என்ற சொல்லுக்கு மேற்சொன்னபடி வரிசை போட்டேன்: இலவு, உலவு, குலவு, செலவு. ‘இலவு’ என்று எழுதிய கையோடு, பஞ்சாக வெடிக்கப்போகும் காயைப் பழமென்று நம்பிக் காத்திருந்த கிளி வந்து உட்கார்ந்துவிட்டது.

நிலவு தேயும் நாளை எண்ணி நின்றிருந்தேன் வாசலிலே
இலவு காத்த கிளியைப் போல இமைமூடா ஆசையிலே

எதுகை தேடாமல் இருந்திருந்தால் அந்தக் கிளி எனக்குக் கிடைத்திருக்காது. நிலவு–நின்றிருந்தேன், இலவு–இமைமூடா என்று அடியின் இரு பாதிகளிலும் மோனை விழுந்திருப்பதையும் பாருங்கள். எதுகை அடிகளை ஒன்றோடொன்று கட்டுகிறது, மோனை ஓர் அடியை அதற்குள்ளேயே கட்டுகிறது. ‘செலவு’ என்ற சொல்லையும் நான் விட்டுவிடவில்லை. பழந்தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். வேறொரு பாட்டுக்காகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

எழுத்து அப்படியே ஒன்றாவிட்டால் எதுகை கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ‘அன்பீனும்’ என்று தொடங்கும் குறளின் இரண்டாம் அடி ‘நண்பென்னும்’ என்று வருகிறது. னகரமும் ணகரமும் மெல்லினம் என்பதால் அது இன எதுகை. மோனையிலும் அகரத்துக்கு ஆ, ஐ, ஔ ஆகியவையும், சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் இனமாக நிற்கும். ஆனால் ர–ற, ல–ள–ழ ஆகியவற்றை, பேச்சில் பலர் ஒன்றாகவே ஒலிக்கிறார்கள் என்பதற்காக, எதுகையில் கலந்து எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நன்றாகப் பாடத் தெரிந்தவர் ‘பழம்’, ‘பலம்’ இரண்டையும் அவற்றுக்குரிய ஒலியோடு பாடும்போது அந்த எதுகை உடைந்துபோகும்.

உங்கள் ‘கனவு’ அடிக்கு வருகிறேன். ‘நனவு’ அதற்கு இயல்பான இணைதான். காமத்துப்பாலின் கனவுநிலை உரைத்தல் அதிகாரத்திலேயே இரண்டும் ஒரே அடியில் நிற்கின்றன. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் ‘வினவு’ என்ற சொல்லை எடுத்து எழுதிப் பார்ப்பேன். நினைவு வந்தால் பாட்டில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். வினவினால், கேட்பதற்கு இன்னொருவர் உள்ளே வந்தாக வேண்டும்.